புயலுக்குப் பெயர் வைத்த கப்பற்காரர்



தொலைக்காட்சிச் செய்தி முடிந்ததும் வானிலைப் படம் காட்டுகிறார்களே, அதை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? நம்மில் பாதிப் பேர் அதற்குள் சாப்பிட எழுந்து போய்விடுகிறோம். பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் வந்துவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் நம் பெரியவர்கள் வானத்தைப் பார்த்தே எழுந்தார்கள். படத்தைப் பார்த்துப் புயலை அறியச் சாதாரண மாலுமிகளுக்குக் கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஹென்றி பிடிங்டன் 1797-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வணிகக் கப்பலில் தலைவராக இருந்து, பின்பு கல்கத்தாவில் குடியேறினார்.

1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் ஒரு பெரும் புயல். பிடிங்டன் என்ன செய்தார் தெரியுமா? அதில் மாட்டிய கப்பல்களின் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினார். எந்த மணிக்கு, எந்த இடத்தில், எந்தத் திசைக் காற்று என்று ஒவ்வொன்றையும் படத்தில் அம்புக்குறி போட்டு வைத்தார். அம்புகள் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி நின்றன! ரெட்ஃபீல்டு, ரீடு என்ற இருவர் வேறு கடல்களில் இதை முன்பே கண்டிருந்தார்கள். வங்கக் கடலிலும் அப்படித்தான் என்று இவர் காட்டினார்.

1845-இல் மொரீஷியஸ் அருகே ஒரு கப்பல், காற்று தள்ளிய பக்கமே ஐந்து நாள் ஓடியது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள், பாவம். குறிப்பேட்டைப் பார்த்தால், செக்குமாடு போலப் புயலையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

1848-இல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை அதில்தான் உலகுக்குத் தந்தார். புத்தகத்தோடு, கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய தகடு இரண்டு. பூமியின் வடபாதிக்கு ஒன்று, தென்பாதிக்கு ஒன்று. தகட்டில் வட்டங்களும் அம்புகளும் இருக்கும். கப்பல் நிற்கும் இடத்தில், அப்போது வீசும் காற்றுக்கு ஒத்த அம்பு வரும்படி படத்தின் மேல் வைத்தால், வட்டத்தின் நடுதான் புயலின் நடு. அந்தப் பக்கம் போகாதே, அவ்வளவுதான்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, புத்தகத்துக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் வரைந்து இதைக் காட்டினேன். ஒரு மாணவி உறையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, அம்பெல்லாம் எதிர்ப்பக்கம் ஓடுதே சார் என்றாள். அதுதான் தென்பாதித் தகடு! நாமோ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சுழல் இங்கே எளிதில் உண்டாகாது. ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியதை மறக்க முடியுமா?

கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசாங்கம் எண்ணியது. பிடிங்டன் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கே கடிதம் எழுதினார். ஒருநாள் புயல் வந்து, கடல்நீர் சுவர் போல எழும்பி எல்லாவற்றையும் அடித்துப் போகும் என்று எச்சரித்தார். யார் கேட்டார்கள்? கேனிங் துறைமுகம் எழுந்தது. 1858-இல் பிடிங்டன் கல்கத்தாவிலேயே காலமானார்.

1867 நவம்பரில் புயல் வந்தது. கடல்நீர் துறைமுகத்துக்குள் புகுந்து நாசம் செய்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.