தாயின் துடைப்பத்தை மறவாத நகரபிதா

வறுமையில் பிறந்து பதவிக்கு வந்தவர் வந்த வழியை மறப்பது உலக வழக்கம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு நான்கு முறை மேயராயிருந்த ஜேம்ஸ் மைக்கல் கேர்லி அதை மறக்கவில்லை. அவர் மறந்தது வேறொன்று.

அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கப் பெற்றோரின் மகனாக 1874 நவம்பர் 20இல் அவர் பிறந்தார். 1884இல் தந்தை காலமானார். தாயார் அலுவலகங்களில் தரை கழுவிப் பிள்ளைகளை வளர்த்தார்.

1900இல் கேர்லி நகர சபை அங்கத்தவரானார். வேலையற்றோருக்கு வேலை தேடிக் கொடுப்பதே அவருடைய அரசியல். தம் வட்டாரத்தவர் ஒருவருக்காகத் தாமே ஆள்மாறாட்டம் செய்து அரசாங்கப் பரீட்சை எழுதி, 1904இல் சிறை சென்றார். சிறையிலிருந்தபோதே மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்தனர். ஏழைக்காகச் சிறை சென்றவர் என்று போற்றினர். குற்றமே பெருமையானது. வீழ்ச்சியின் வித்து விழுந்ததும் அங்கேதான்.

1914இல் மேயரானதும், நகர மண்டபத்தைத் துப்புரவு செய்யும் பெண்கள் இனி முழந்தாளிடாதிருக்க, நீண்ட பிடியுள்ள துடைப்பங்களை வாங்குவித்தார். வைத்தியசாலையை விரிவாக்கினார். வீதிகள், பூங்காக்கள் அமைத்து ஏழைகளுக்கு வேலை கொடுத்தார். வரியும் கடனும் ஏறின. மாளிகை போன்ற வீட்டில் வாழ்ந்தார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்ததென்று ஊரெங்கும் பேச்சு. 1935 முதல் 1937 வரை மசசூசெற்ஸ் மாநில ஆளுநராயிருந்தார். நகரின் வழக்கொன்றில் முறைகேடாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 1938இல் நீதிமன்றம் தீர்த்தது.

1945இல், வழக்கொன்று தலைமேல் தொங்கியபோதும், மக்கள் அவரையே மேயராக்கினர். தபால் மோசடிக் குற்றத்துக்காக 1947இல் சிறை சென்று, ஜனாதிபதி ட்ரூமன் தண்டனையைக் குறைத்ததால் ஐந்து மாதத்தில் வெளிவந்தார். அதுவரை நகர நிருவாகத்தைக் கவனித்த ஜோன் ஹைன்ஸ் என்ற உத்தியோகத்தரை அவர் ஏளனமாகப் பேச, அந்த அமைதியான மனிதரே 1949 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்.

வீட்டுத் துயரோ அதிலும் பெரிது. ஒன்பது பிள்ளைகளில் எழுவரை அவர் உயிரோடிருக்கையிலேயே அடக்கம் செய்தார். 1950இல் ஒரே நாளில் மகளும் மகனும் மாண்டனர்.

1958 நவம்பர் 12இல் கேர்லி காலமானார். இயேசு சபைக் குருவான மகன் பிரான்சிஸ் பேராலயத்தில் இறுதித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அஞ்சலி செலுத்த வந்த பெருங்கூட்டத்தில் ஏழைகளே அதிகம்.

அவர் அவர்களை நேசித்தது உண்மை. ஆனால் தாயார் தரை கழுவி உழைத்த காசில் களங்கமில்லை. மகன் துடைப்பத்தை நினைவில் வைத்தார். அந்தக் காசின் தூய்மையை மறந்தார்.