பிரெடரிக் ஸாண்டர்

செயற்கரிய காரியங்களைச் செய்பவர்களுக்குக் குடும்பம் ஒரு தடை என்ற எண்ணம் ஜனங்களிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. லட்சியம் ஒன்றைப் பற்றியவன் மனைவி மக்களை மறந்தாக வேண்டுமென்றும், வீட்டைப் பேணுகிறவன் லட்சியத்தைக் கைவிட்டாக வேண்டுமென்றும் பலர் நம்புகின்றனர். பொதுப்பணியில் இறங்கும் வாலிபர்களும் இவ்வெண்ணத்திற்கு இரையாகிறார்கள். இது எவ்வளவு தவறானது என்பதற்கு லாட்விய நாட்டின் தலைநகரான ரீகாவில் பிறந்து, மாஸ்கோவில் குடியேறி வாழ்ந்த எஞ்ஜினியர் பிரெடரிக் ஸாண்டரின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஸாண்டர் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மானிய வம்சத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். ரீகா அப்பொழுது ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த அவரை வைத்தியரான தந்தை வளர்த்தார். நட்சத்திரங்களைப் பற்றி அத்தந்தை சொன்ன கதைகளே மகனின் உள்ளத்தில் விழுந்த முதல் விதை. ரீகா தொழிற்கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே, பூமியை விட்டு வெளியேறிப் பிற கிரகங்களுக்குச் செல்லும் வழியை அவர் கணக்கிடத் தொடங்கிவிட்டார். ஆகாய விமானமே பிஞ்சுப் பருவத்தில் இருந்த நாட்கள் அவை.

1914இல் எஞ்ஜினியர் பட்டம் பெற்று ஒரு ரப்பர் தொழிற்சாலையில் அமர்ந்தார். மகாயுத்தம் மூண்டது. ஜெர்மானியப் படைகள் ரீகாவை நெருங்கவே, 1915இல் தொழிற்சாலை மாஸ்கோவுக்குப் பெயர்ந்தது. ஸாண்டரும் அதனுடன் பெயர்ந்தார். பிறந்த ஊரை விட்டு வந்தவருக்கு மாஸ்கோவே நிலையான வாசஸ்தலமாயிற்று. பின்னர் விமான எஞ்ஜின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பகற்பொழுது ஊதியத்திற்கு, இரவுப்பொழுது கிரகங்களுக்கு. இதுவே அவருடைய தினசரி.

இக்கனவை அவர் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தவரல்லர். நெடும்பயணம் செய்வோர்க்கு உணவும் சுவாசிக்கும் காற்றும் வேண்டுமே என்று எண்ணி, மண்ணுக்குப் பதிலாகக் கரித்தூளில் காய்கறிச் செடிகளைத் தம் இருப்பிடத்திலேயே வளர்த்துப் பார்த்தார். பெண் குழந்தைக்கு நட்சத்திரம் என்று பொருள்படும் அஸ்த்ரா என்ற பெயரையும், ஆண் குழந்தைக்குப் புதன் கிரகத்தின் பெயரான மெர்க்குரி என்பதையும் சூட்டினார். தந்தையிடமிருந்து தாம் பெற்ற வானத்தை மக்களுக்குப் பிதுரார்ஜிதமாக அளித்தார் என்றே நாம் கூறுவோம்.

1924இல் பிற கிரகங்களுக்குச் செல்வதைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. சிறகுள்ள கப்பல் காற்றுமண்டலத்தில் விமானம்போல் எழும்ப வேண்டும். மேலே ராக்கெட்டாக மாற வேண்டும். பயன் தீர்ந்த உலோக உறுப்புகளை உருக்கி எரிபொருளாக்கிக்கொள்ள வேண்டும் என்றார் அவர். சூரிய ஒளி பொருள்களின்மீது செலுத்தும் மெல்லிய அழுத்தத்தைக் கொண்டே, மிக மெல்லிய தகடுகளைப் பாயாக விரித்து வெளியில் செல்லலாம் என்று கணக்கிட்டார். வழியிலுள்ள ஒரு கிரகத்தின் ஈர்ப்பைப் பயன்படுத்திக் கப்பலின் வேகத்தையும் திசையையும் மாற்றலாம் என்றும் எழுதினார்.

கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. ஈயம் பற்றவைக்கும் ஊதுவிளக்கு ஒன்றை எடுத்து, பெட்ரோலும் அழுத்திய காற்றும் கொண்டு இயங்கும் முதல் எஞ்ஜினாக அதை மாற்றியமைத்தார். 1931இல் மாஸ்கோவில் ராக்கெட் ஆராய்ச்சிக் குழு அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. இளைஞரான செர்கெய் கொரொலெவ் அவருடன் சேர்ந்தார். நிலவறையொன்றில் வேலை நடந்தது. ஆதியில் ஊதியம் இல்லை. குழுவின் பெயரிலுள்ள எழுத்துக்களுக்குக் கூலியின்றி உழைக்கும் எஞ்ஜினியர்கள் என்று அவர்களே வேடிக்கையாகப் பொருள் கூறிக்கொண்டனர்.

வேடிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓய்வறியாத உழைப்பு ஸாண்டரின் உடலை உருக்கியது. 1933இல் அவரை கிஸ்லவோத்ஸ்க் என்ற ஆரோக்கிய ஸ்தலத்துக்கு அனுப்பினார்கள். அவர் வகுத்த இரண்டாவது எஞ்ஜின் மார்ச் 18ஆம் தேதி மாஸ்கோவில் சோதிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் அங்கில்லை. சென்ற இடத்தில் விஷஜுரம் கண்டு, மார்ச் 28ஆம் தேதி, நாற்பத்தைந்தாம் வயதில் மாண்டார். மகளுக்கு அப்பொழுது பத்து வயதுகூட நிரம்பவில்லை. அவர் வகுக்கத் தொடங்கிய ராக்கெட்டைத் தோழர்கள் முடித்து, அவ்வாண்டு நவம்பர் 25ஆம் தேதி வானில் ஏவினர். கொரொலெவ் 1957இல் முதல் செயற்கைக் கோளையும், 1961இல் முதல் மனிதனையும் பூமியைச் சுற்றிவரச் செய்தார்.

ஜெர்மானியச் சுருக்கெழுத்தில் ஸாண்டர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பிற்காலத்தார் அரும்பாடுபட்டுப் படித்தறிந்தனர். 1974 பிப்ரவரியில் மாரினர் 10 என்ற அமெரிக்கக் கலம் சுக்கிரனின் ஈர்ப்பினால் வழி திரும்பி, மார்ச் 29ஆம் தேதி புதனை அடைந்தது. ஒரு கிரகத்தின் துணைகொண்டு மற்றொரு கிரகத்தை எட்டிய முதற்கலம் அதுவே. தன்னை நிலைநிறுத்திக்கொள்ளச் சூரிய ஒளியின் அழுத்தத்தையும் அது பயன்படுத்திற்று. ஸாண்டர் கண்ட இரு வழிகளும் ஒரே பயணத்தில் பலித்தன. பலித்த இடமோ அவர் தம் மகனுக்குப் பெயர் எடுத்த கிரகம். 2010இல் ஜப்பானியரின் இக்காரோஸ் கலம் ஒளிப்பாய் விரித்தே வெளியில் சென்று காட்டியது.

சந்திரனின் மறுபுறத்தில் ஒரு பெரும் பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. நல்லதே. ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தேசத்திற்காக உழைப்பவன் இறந்தபின் பெயரிடுவதற்குப் பள்ளம் தேடுகிறவர்கள், அவன் உயிருடனிருக்கையில் அவனுடைய உணவையும் ஓய்வையும் கவனித்தார்களா? குடும்பம் ஸாண்டரின் லட்சியத்திற்குத் தடையாகவில்லை. வறுமையும் ஓயாத உழைப்புமே தடையாயின. கூலியின்றி உழைப்போரைப் புகழ்வது எளிது. அவர்கள் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று விசாரிப்பதே பொதுப்பணியில் ஈடுபட்டோர் அனைவரின் முதற்கடன்.