பன்னீராண்டுப் பயிற்சி

பாப்லோ காசல்ஸ் 1876ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு வெண்ட்ரெல் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் பயின்ற கருவி செல்லோ. அது வயலினினும் பெரிது. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைக்கப்படுவது. அக்காலத்து மாணவர், அக்குளில் இடுக்கிய நூல் விழாதவாறு வில்லை இழுத்துப் பழகினர். அம்முறை கையைத் தளைப்படுத்துதலை உணர்ந்த காசல்ஸ், தோளும் முழங்கையும் தடையின்றி இயங்குமாறு பயின்றார்.

1890ஆம் ஆண்டு பார்சிலோனா நகரத்துக் கடையொன்றில், பாக் என்னும் இசைமேதை செல்லோவிற்கென இயற்றிய ஆறு இசைக்கோவைகள் அவருக்குக் கிட்டின. அவற்றை வெறும் கைப்பழக்கப் பாடங்களென்றே பலரும் எண்ணியிருந்தனர். பதின்மூன்று வயதுச் சிறுவரோ அவற்றுள் அருங்கலையைக் கண்டார். பன்னீராண்டு பயின்ற பின்னரே அவற்றை அவையோர்முன் இசைக்கத் துணிந்தார். 1936 முதல் 1939 வரை அவற்றை இசைத்தட்டுகளிற் பதிவு செய்து உலகறியச் செய்தார்.

முதுமையிலும் பயிற்சியைக் கைவிடாத அப்பெரியார் 1973இல் மறைந்தார். பிழையான பழக்கத்தை நீக்குதலும், புகழுக்கு விரையாது கலை கனியுங்காறும் பொறுத்தலுமே பயிற்சியின் உயிர்நிலை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.