இரத்தத்துக்கு ஓர் அளவுகோல் தந்த சோரன்சன்

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கும் மருத்துவர்கள் தவறாமல் பார்க்கும் எண் பிஎச். இரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். அந்த அளவுகோலை உருவாக்கியவர் டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சன்.

1868 ஜனவரி 9ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சோரன்சன். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கத் தொடங்கிய அவர், வேதியியலில் ஈடுபாடு கொண்டு அத்துறைக்கு மாறினார். 1899இல் முனைவர் பட்டம் பெற்றார். 1901இல் அந்நகரிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவரானார். நம் நாட்டிலும் பெயர் தெரிந்த அந்த பீர் ஆலையின் நிறுவனர் 1875இல் அமைத்த ஆய்வுக்கூடம் அது.

அங்கே புரதங்களையும் நொதிகளையும் சோரன்சன் ஆராய்ந்தார். மனைவி மார்கரேத்தும் ஆய்வுகளில் துணை நின்றார். புரதங்கள் அமிலத்தின் அளவுக்கேற்ப நடந்துகொள்பவை. ரப்பர் பாலில் அமிலம் விட்டால் உறைவதும், அம்மோனியா கலந்தால் உறையாமல் இருப்பதும் தோட்டப்புற மக்கள் நன்கு அறிந்ததே. நொதிகளும் அப்படித்தான். அமிலத்தின் அளவு சற்று மாறினாலும் அவற்றின் வேலை கெடும்.

ஆனால், அந்த அளவை எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. தூய நீரில் லிட்டருக்கு 0.0000001 மோல் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. இதை வெறும் 7 என்று குறிக்கும் முறையை 1909இல் சோரன்சன் வெளியிட்டார். ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும்.

1916இல் அதே நாட்டைச் சேர்ந்த ஹாசல்பால்க் இந்த அளவை இரத்தத்துக்கான கணக்கில் பயன்படுத்தினார். நம் இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையே இருக்க வேண்டும். 7.4 என்பது 7.1 ஆனால், அமிலம் இரு மடங்காகிவிட்டது என்று பொருள். கரியமில வாயுவை வெளியேற்றும் நுரையீரலும், அமிலத்தைச் சிறுநீரில் அனுப்பும் சிறுநீரகமும் இந்தச் சமநிலையைக் காக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் அல்கலைன் தண்ணீர் இதை மாற்றிவிடாது. கட்டுப்பாடற்ற நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் மாற்றிவிடும். நீரிழிவு உள்ளவருக்கு வாந்தியோடு வேகமான, ஆழமான மூச்சும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

1938 வரை பணியாற்றிய சோரன்சன், 1939 பிப்ரவரி 12ஆம் தேதி காலமானார்.

அவர் வாழ்ந்த கோப்பன்ஹேகனில் 1952இல் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். இரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டதாகவே மருத்துவர்கள் எண்ணியிருந்தனர். வெளியேற முடியாத கரியமில வாயுவே காரணம் என்றார் மருத்துவர் இப்சன். பிஎச் அளந்தபோது இரத்தம் அமிலமாகியிருந்தது உறுதியானது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறை வைத்துக் கையால் காற்றுப் பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஓர் எண், அவ்வூர்ப் பிள்ளைகளின் உயிர் காத்தது.