குருதேவர் எழுதிய ஆவிக் கதைகள்

குருதேவர் ரவீந்திரநாத் தாகூர் என்றதும் கீதாஞ்சலியும், 1913-ல் கிடைத்த நோபல் பரிசும், சாந்திநிகேதனும், நாம் எழுந்து நின்று பாடும் தேசிய கீதமும் நினைவுக்கு வருகின்றன. வெண்தாடியும் நீண்ட அங்கியுமாக ஒரு ரிஷியைப் போல அவர் படங்களில் காட்சி தருகிறார். அந்த ரிஷி மயிர்க்கூச்செறிய வைக்கும் ஆவிக் கதைகளும் எழுதியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தவன் நான். அந்தக் கதைகளின் வழியாகவே அவருடைய வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

1861 மே 7 அன்று கல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் ரவீந்திரர் பிறந்தார். மகரிஷி தேவேந்திரநாதரின் பெரிய குடும்பத்தில் அவர்தான் கடைக்குட்டி. தந்தை பெரும்பாலும் பிரயாணத்தில் இருப்பார். குழந்தைகள் வளர்ந்தது வேலைக்காரர்களின் ஆட்சியில். ஷியாம் என்ற வேலைக்காரன் சிறுவனைச் சுற்றி சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, தாண்டினால் ஆபத்து என்று எச்சரித்துப் போய்விடுவான். சீதை கோட்டைத் தாண்டிப் பட்ட பாட்டை அறிந்திருந்த சிறுவன் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

வீட்டின் மேற்கு மூலையில் ஒரு வாதுமை மரம். அதில் பிரம்மதைத்யன் வசிப்பதாக ஊழியர்கள் சொல்வார்கள். நம் ஊர் பிரம்மராக்ஷஸுக்கு வங்காளத்துப் பெயர் அது. ஒரு கால் மரக்கிளையில், மற்றொரு கால் மூன்றாம் மாடி விளிம்பில் என்று அதன் நிற்கும் அழகை வர்ணிப்பார்களாம். இரவில் வெளிக்கட்டிலிருந்து உள்கட்டுக்குப் போகும் நீண்ட தாழ்வாரத்தில் ஒரே ஒரு மங்கலான லாந்தர். யாரோ பின்தொடர்ந்து வருவது போன்ற கூச்சம் முதுகில் ஊறும். முதுமையில் எழுதிய பால்ய நினைவுகளில்கூட அவர் இதை மறக்கவில்லை. மாலை மங்கியபின் கொல்லைப்புறம் போக பயந்த நம் தலைமுறைக்கு இது நன்றாகவே புரியும்.

1873-ல் உபநயனம் ஆனதும் தந்தை அவரை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். டல்ஹௌஸி மலைச்சரிவுகளில் தனியாகத் திரிய அந்த 12 வயதுப் பிள்ளைக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார். வட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மருந்து வேறென்ன?

வீட்டில் படிப்பறையில் கம்பியால் பிணைத்த ஒரு மனித எலும்புக்கூடு தொங்கும். எலும்புகளின் பெயர்களைப் பாடம் சொல்லித்தர வைத்தது. அதை அவர் 1892-ல் கதையாக்கினார். 'கங்கால்', அதாவது எலும்புக்கூடு, என்று பெயர். ஓர் இரவு அந்த எலும்புகளுக்கு உரிய பெண்ணே வந்து தன் கதையைச் சொல்கிறாள். சிறுவயதில் விதவையானவள், பேரழகி. தான் காதலித்த மருத்துவன் வேறொரு பெண்ணை மணக்கப் புறப்பட்ட இரவில் அவனுக்கு விஷம் வைத்து, தானும் மணக்கோலம் பூண்டு விஷம் அருந்திச் சாகிறாள். தன் முகத்துப் புன்னகையை உலகம் பார்க்கும் என்று எதிர்பார்த்தவளுக்குக் கிடைத்தது, பிள்ளைகளின் எலும்புப் பாடம். படித்து முடிக்கும்போது நமக்குப் பயம் போய் இரக்கமே மிஞ்சுகிறது.

1878-ல், 17 வயதில், ரவீந்திரர் அஹமதாபாத் வந்தார். ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியரான அண்ணன் சத்யேந்திரநாதர் அப்போது அங்கே ஜட்ஜ். அவர் குடியிருந்தது சபர்மதிக் கரையில் ஷாஹிபாக் அரண்மனை. பின்னாளில் ஷாஜஹான் ஆன இளவரசர் குர்ரம், குஜராத்தை நிர்வகித்த காலத்தில் கட்டியது. அண்ணா கச்சேரிக்குப் போனபின் அத்தனை பெரிய மாளிகையில் தம்பி தனியாக இருப்பார். பகலில் புறாக்களின் குமுறல். இரவில் மொட்டைமாடியில் நிலவு. கீழே அகன்ற மணலின் ஓரமாகச் சபர்மதி. தாமே மெட்டமைத்த முதல் பாடல்கள் அங்கே பிறந்தன.

அந்தத் தனிமை 17 வருஷம் ஊறி, 1895-ல் 'க்ஷுதித பாஷாண்', அதாவது பசித்த கற்கள், ஆயிற்று. கதையில் இடம் நிஜாம் ராஜ்யத்துக்கு மாறுகிறது. பருத்தி வரி வசூலிக்கும் அதிகாரி ஒருவர் பாழடைந்த அரண்மனையில் தங்குகிறார். பகலில் கோட்டும் கணக்குப் புத்தகமுமாக இருப்பவரை, இரவில் பழைய அந்தப்புரம் இழுத்துக் கொள்கிறது. தீராத ஆசைகளின் பசி அந்தக் கற்களிலேயே தங்கிவிட்டது என்கிறது கதை. தபன் சின்ஹா இதை 1960-ல் திரைப்படமாக எடுத்தார். நான் உத்தியோக நிமித்தம் அஹமதாபாதில் இருந்த வருஷங்களில் அந்த மாளிகைக்குப் பலமுறை போயிருக்கிறேன். இன்று அது சர்தார் வல்லபபாய் படேல் தேசிய நினைவகம். அவ்வூர் செல்லும் அன்பர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

1883 டிசம்பரில் ரவீந்திரருக்கு மிருணாளினி தேவியுடன் திருமணம். நான்கே மாதங்களில், 1884 ஏப்ரலில், அண்ணி காதம்பரி தேவி தம் உயிரை மாய்த்துக் கொண்டார். சிறுமியாக அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, ரவீந்திரரின் விளையாட்டுத் தோழியாகவும், முதல் வாசகியாகவும் இருந்தவர். மரணத்தை உண்மையில் தாம் அறிந்துகொண்டது அப்போதுதான் என்று அவர் பின்னர் எழுதினார்.

1890-களில் குடும்ப நிலங்களைக் கவனிக்க ஷிலைதாவிலும் ஷாஜாத்பூரிலும் இருந்தார். பத்மா நதியில் படகு வாசம். 'சாதனா' பத்திரிகைக்காக அவர் சிறுகதைகளை எழுதிக் குவித்த காலம் அது. ஆவிக் கதைகளில் பெரும்பாலானவை அப்போது பிறந்தவைதான். 'நிஷீதே' என்ற நள்ளிரவுக் கதையில் ஒரு ஜமீன்தார். நோயாளி மனைவி படுக்கையில் இருக்கும்போதே டாக்டரின் மகளிடம் மனத்தைப் பறிகொடுத்தவர். வாசலில் நிழலாடிய அந்தப் பெண் யார் என்று மனைவி கேட்ட கேள்வி, அவள் இறந்தபின் அவரை விடுவதில்லை. பத்மாவின் மணல்திட்டில் பறவைகள் கத்தினாலும் அதே கேள்விதான் அவருக்குக் கேட்கிறது. அவரைத் துரத்துவது மனைவியின் ஆவியா, மனசாட்சியா என்று நாமே தீர்மானிக்க வேண்டும்.

என்னை மிகவும் உலுக்கியது 1892-ல் வந்த 'ஜீவிதோ ஓ ம்ருதோ'. அதில் பேயே கிடையாது. காதம்பினி என்ற விதவை இறந்துவிட்டதாக எண்ணி மயானத்துக்குக் கொண்டு போகிறார்கள். அவள் விழித்துக் கொள்கிறாள். ஆனால் பார்ப்பவரெல்லாம் பேய் என்று அலற, அவளுக்கே தான் உயிரோடு இருக்கிறோமா என்று சந்தேகம் வருகிறது. கடைசியில் வீட்டுக் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள். உயிரோடுதான் இருந்தாள் என்பதை அவள் இறந்து காட்டித்தான் நிரூபிக்க முடிந்தது.

இதைப் படித்தபோது என் தாத்தாவின் தமக்கையை நினைத்துக் கொண்டேன். 9 வயதில் கணவரை இழந்தவர். அதன்பின் ஒரு நீண்ட ஆயுளைச் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவிலேயே கழித்தார். யாராவது வெளியே கிளம்பினால் எதிரில் வராமல் தாமே கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக் கொள்வார். கல்யாணக் கூடத்தில் அவருக்கு இடமில்லை. அவர் கையால் சமைத்ததை எல்லோரும் சாப்பிட்டோம். உயிரோடு இருந்தவரைப் பேயைப் போல நடத்திய வீடு வங்காளத்தில் மட்டும் இருக்கவில்லை. தாகூர் பேய் பயத்தைத் தூண்டியதெல்லாம் இந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுவரத்தான் என்பது என் எண்ணம். ஆவிகளாக வரும் அவருடைய பெண்கள் யாரையும் அடித்துக் கொல்வதில்லை. உயிரோடு இருந்தபோது யாரும் காதில் போட்டுக் கொள்ளாததைத்தான் திரும்பி வந்து சொல்கிறார்கள்.

பிற்கால வாழ்க்கை அவரைக் கடுமையாகச் சோதித்தது. 1902-ல் மனைவி, 1903-ல் மகள் ரேணுகா, 1905-ல் தந்தை, 1907-ல் மகன் ஷமீந்திரன், 1918-ல் மூத்த மகள் மாதுரிலதா என்று ஒவ்வொருவராகப் போனார்கள். 1929-ல், 68 வயதில், உமா தேவி என்ற இளம் பெண்ணை ஊடகமாக வைத்து, மறைந்த தம்மவர்களோடு பேச முயன்றார். கேள்விகளும் பதில்களும் எழுதி வைக்கப்பட்டன. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தாழ்வாரத்தில் யாரோ பின்னால் வருவதாக நடுங்கிய சிறுவன், முதியவனாகி, யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தான். 1941 ஆகஸ்ட் 7 அன்று, பிறந்த அதே ஜோராசாங்கோ வீட்டில் குருதேவர் காலமானார்.

தாகூரின் சில சிறுகதைகளை மகாகவி பாரதியாரே தமிழாக்கியிருக்கிறார். பின்னர் த.நா. குமாரஸ்வாமி வங்காளியிலிருந்து நேரடியாக அவரைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். பேய்க் கதை கேட்கும் பேரன் பேத்திகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். கதை முடிந்ததும், நம் குடும்பத்தில் கதவுக்குப் பின்னால் நின்றவர்களின் பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.