பரங்கிமலையில் விழுந்த முதல் கோடு: இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் யார்?

ஆதம்பாக்கத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் பரங்கிமலை கண்ணில் படும். மலை உச்சித் தேவாலயம் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஓர் ஆங்கிலேயரின் மார்பளவு சிலையும் இருக்கிறது. அது யார் என்று கேட்டால் ஏரியாக்காரர்களிலேயே பலர் யோசிப்பார்கள்.

அவர் பெயர் வில்லியம் லாம்டன். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் அளக்கும் வேலையை 1802-இல் இந்த மலையடியில் தொடங்கியவர். இன்று ஐ.டி. கம்பெனிகளில் 'சிஸ்டம் ஆர்க்கிடெக்ட்' என்று ஒரு பதவி இருக்கிறதல்லவா? அந்த வார்த்தையே புழக்கத்தில் இல்லாத காலத்தில் அவர் பார்த்தது அந்த வேலையைத்தான்.

ஆர்க்கிடெக்சர் என்றால் கட்டடம் மட்டும்தானா?

மெட்ரோ ரயிலோ, ராக்கெட்டோ, ஆயிரம் பாகங்கள் சேர்ந்து இயங்கும் எதுவாக இருந்தாலும், பாகங்களைச் செய்வதற்கு முன்பே சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். எது எதை நம்பி நிற்கிறது? ஓரிடத்தில் பிழை வந்தால் அது எதுவரை பரவும்? பிழை வந்ததே எப்படித் தெரியும்? இந்த முடிவுகளின் தொகுப்புதான் ஆர்க்கிடெக்சர். இதில் கோட்டை விட்டால், பாகங்கள் எவ்வளவு தரமாக இருந்தாலும் மொத்தமும் சொதப்பிவிடும்.

அன்றைய வரைபடங்களின் சிக்கல் இதுதான். தூரம் எண்ணும் சக்கரத்தைச் சாலையில் உருட்டி, திசைகாட்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போவார்கள். முதல் நாள் பிழை இரண்டாம் நாள் கணக்கில் ஏறும், இரண்டும் சேர்ந்து மூன்றாம் நாளில் ஏறும். பிழை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

போர்க்களத்திலிருந்து கணக்குக்கு

லாம்டன் சுமார் 1753-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போரில் 1781-இல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். பிறகு கனடா பக்கம் பல வருடம் சாதாரண ராணுவப் பணி. அங்கே கிடைத்த ஓய்வையெல்லாம் கணிதம் படிப்பதில் செலவிட்டார். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வையும் பாதிக்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் மைசூர் நிலப்பரப்பு கிழக்கிந்திய கம்பெனியின் பிடிக்கு வந்தது. படை நடத்தவும் வரி வசூலிக்கவும் கம்பெனிக்கு வரைபடம் தேவைப்பட்டது. லாம்டனின் ஆசையோ பூமியின் உண்மையான வடிவத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டையும் ஒரே திட்டத்தில் வைத்து அனுமதி வாங்கினார். சென்னை நிதிக் குழுவில் இருந்த ஒருவருக்கு இது வெட்டிச் செலவாகவே பட்டதாம். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குபவர்களிடம் சொன்னால் போதுமே, இதற்கு எதற்கு சர்வே என்று கேட்டிருக்கிறார்.

ஒரு கோடு, 400 முறை

பள்ளியில் படித்த கணக்குதான். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. அப்படியென்றால் தரையில் இறங்கி அளக்க வேண்டியது முதல் கோட்டை மட்டும்தான். ஆனால் மொத்த நாடும் அந்த ஒரு கோட்டை நம்பி நிற்கும். அதில் கொஞ்சம் பிசகினாலும் போச்சு.

அதனால் அந்தப் 'பேஸ்லைன்' விஷயத்தில் லாம்டன் காட்டிய கவனம் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஓவராகக்கூடத் தெரிந்திருக்கும். வடக்கே பரங்கிமலை, தெற்கே பெரும்பாக்கம் குன்று, நடுவே சமவெளி. நீளம் சுமார் ஏழரை மைல். 1802 ஏப்ரல் 10-இல் வேலை தொடங்கியது. கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாம் என்று மறுக்கப்பட்டு இந்தியா வந்து சேர்ந்தது அது! வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்துக்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். இன்னொரு சங்கிலியைத் தொடாமல் வைத்திருந்து, வேலை செய்யும் சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். இப்படி 400 முறை, சென்னையின் ஏப்ரல், மே வெயிலில். கிடைத்த விடை 40,006 அடி சொச்சம்.

இது பாதிதான். முக்கோணத்தில் இரண்டு கோணம் தெரிந்தாலே மூன்றாவது தானாக வந்துவிடும். ஆனாலும் முடிந்த இடத்திலெல்லாம் மூன்றையும் அளந்தார்கள். கூட்டுத்தொகை சரிவரவில்லை என்றால் பிழை அந்த முக்கோணத்திலேயே பிடிபட்டுவிடும், அடுத்ததற்குத் தாவாது. அதோடு, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை புதிதாக ஒரு பேஸ்லைனைத் தரையில் அளந்து கணக்கோடு ஒப்பிட்டார்கள். 1804-இல் பெங்களூரு அருகே முதல் சோதனை. பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்குக்கும், தரையில் அளந்த ஏழு மைலுக்கும் இடையே வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு.

1806-க்குள் முக்கோணங்கள் மேற்குக் கடற்கரையைத் தொட்டன. கடற்கரைக்குக் கடற்கரை 400 மைல் என்று பழைய வரைபடங்கள் சொன்னன. உண்மையில் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

கோணம் அளக்க வந்த தியோடலைட்டின் எடை சுமார் அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிறகு மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தது தனிக்கதை.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் கிடையாது. உயரத்துக்குக் கோயில்களைத்தான் நம்ப வேண்டும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றியபோது ஒரு கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டமே நசுங்கியது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பார். லாம்டனோ கூடாரத்துக்குள் போனார், தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. வட்டத்தின் சரியான அளவைப் பலகையில் வரைந்து, அந்தக் கோட்டுக்கு வரும்வரை உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மரச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்தார். ஆறு வாரம் ஆச்சு. இனி இந்தக் கருவி தரும் அளவுகளை நம்பலாமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. மூன்று கோணங்களின் கூட்டுத்தொகையும் அடுத்த பேஸ்லைனும் உண்மையைச் சொல்லிவிடும்.

கொடி பிடித்து மலையேறியவர்கள், கருவியைச் சுமந்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்கள் என இந்த வேலையின் பெரும்பகுதி உள்ளூர் ஆட்களின் உழைப்பு. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

1823 ஜனவரி 20-இல், ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். வயது சுமார் எழுபது. அதற்குள் 1.65 லட்சம் சதுர மைல் முக்கோணங்களுக்குள் வந்திருந்தது. அவரது உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்று, அதே சங்கிலியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய் 1841-இல் முடித்தார். பழைய அளவுகளில் பலவற்றைப் புதிய கருவிகளோடு மறுபடி அளந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடிந்ததால், எதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. அந்த வலைப்பின்னலின் மேல் நின்றுதான் 1852-இல் உலகின் மிக உயரமான சிகரத்தைக் கணக்கிட்டார்கள். அதற்கு எவரெஸ்ட்டின் பெயர் போய்ச் சேர்ந்தது. லாம்டனுக்கு ஹிங்கன்காட்டில் ஒரு கல்லறை, பரங்கிமலையில் ஒரு சிலை.