தொப்பைக்குள் இருப்பதைக் காட்டியவர்

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1919-ல் இங்கிலாந்தில் பிறந்தார். விவசாயி வீட்டுப் பிள்ளை, ஐந்து பேரில் கடைக்குட்டி. வைக்கோல் போர் மேலே ஏறி, தானே செய்த கிளைடரோட குதிப்பாராம். (கை கால் உடையாம தப்பிச்சதே பெரிசு!) பள்ளியில் கணக்கும் இயற்பியலும்தான் அவருக்குப் பிடிக்கும்.

பிறகு இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு கம்பெனியில் இன்ஜினியர் ஆனார். எக்ஸ்ரேயை ஒரே பக்கமிருந்து எடுக்காமல் சுற்றிச் சுற்றி எடுத்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால், வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கின மாதிரி உடம்பின் உள்ளே தெரியும் என்று 1967-ல் யோசித்தார். முதல் சோதனைக்கு 9 நாள் ஆச்சு. மாட்டு மூளையை வைத்தெல்லாம் பார்த்தார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு பெண்ணின் மூளைக் கட்டி படத்தில் தெரிந்தது. அதுதான் சி.டி. ஸ்கேன்.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. அந்த அளவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு சுமார் -100. குண்டாக இருப்பவர்களின் தொப்புள் பக்கம் ஒரு படம் எடுத்து, -190 முதல் -30 வரை உள்ள புள்ளிகளை எண்ணினால் கொழுப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். தோலுக்கு அடியில் உள்ளதைவிட, குடலைச் சுற்றி ஒளிந்திருக்கும் கொழுப்புதான் சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழிவிடும். எடை மிஷினில் ஏறினால் இது தெரியாது. ஆனா கதிர் உடம்புக்கு ஆகாது என்பதால் இதுக்காக எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்க மாட்டாங்க, இடுப்பை டேப்பால் அளப்பாங்க.

டாக்டர் பட்டம் வாங்காத அவருக்கு, 1979-ல் மருத்துவ நோபல் பரிசு கார்மாக் என்பவரோடு சேர்த்துக் கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2004-ல், நாங்க பிறக்கறதுக்கு முன்னாடியே இறந்துட்டார்.